மதினிக்குப் பதினைந்து கிலோவுக்குள் ஒரு சைக்கிள்

ஒரு மாதமாக என் லேப்டாப்பில் திறந்து கிடந்த பக்கங்களில் முக்கால்வாசி மின்சார சைக்கிள்கள். கோயம்புத்தூர் கம்பெனிக்கு சின்னமனூர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள் நான். மீட்டிங்கில் யாராவது திரையைக் காட்டச் சொன்னால் போதும், பதறிப்போய் ஒவ்வொன்றாக மூடுவேன். மூடினதைத் திரும்பத் தேடி எடுப்பதற்கு அன்று சாயங்காலம் ஆகிவிடும்.

சைக்கிள் எனக்கில்லை. மதினிக்கு.

அண்ணனுக்கு ஊரில் வாழைக்காய் மண்டி. மதினி உத்தமபாளையத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறார். அவர்கள் மாடியில், நானும் அம்மாவும் கீழே. மதினி கல்யாணமாகி வந்த இரண்டாவது மாதம் என் ரோடு சைக்கிளைக் கடன் கேட்டு வாங்கிக்கொண்டு போனவர், குச்சனூர் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "இந்தச் சனியன மொதல்லயே காட்டியிருக்கலாம்ல?" என்றார். அடுத்த மாதம் அவருக்கும் ஒன்று வந்தது. நாத்தனாரும் மதினியும் ஒத்துப்போவதே அதிசயம் என்கிற தெருவில், இரண்டு பேரும் ஒரே மாதிரித் தொப்பி மாட்டிக்கொண்டு ஞாயிறு விடியலில் கிளம்பிப் போனால் எப்படி இருந்திருக்கும்! இப்போது பழகிவிட்டது. பால்காரர் மட்டும், "இன்னைக்கு எம்புட்டுத் தூரம்?" என்று ஒரு கேள்வியோடு விட்டுவிடுகிறார்.

எங்கள் குழுவில் மொத்தம் ஐந்து பேர். மாதம் ஒருமுறை குமுளி. கம்பம், கூடலூர் தாண்டி, லோயர் கேம்ப்பிலிருந்து மலைப்பாதை ஏறி, மேலே கேரள எல்லையில் ஒரு டீ. அந்த ஏற்றத்தில் மதினிதான் எப்போதும் முன்னால். நான் இரண்டாவதோ மூன்றாவதோ. காற்றையும் காலைச் சாப்பாட்டையும் பொறுத்தது.

போன தை மாதம் மார்க்கையன்கோட்டை ரோட்டில் மதினி விழுந்தார். வண்டிகள் ஏறி மிதித்துத் தரட்டும் என்று யாரோ அறுத்த கொள்ளுச்செடியை ரோடு நிறையப் பரப்பியிருந்தார்கள். லாரிக்கு அது மெத்தை. இரண்டு விரல் அகலமுள்ள எங்கள் டயருக்கு அது எண்ணெய் தடவின தரை. நான் பின்னால் வந்தேன், பார்த்தேன், கத்துவதற்குள் முடிந்துவிட்டது. இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்து, மதுரையில் ஆபரேஷன். அப்புறம் தேனியில் பிசியோதெரபி.

ஆனி மாதம் பிசியோதெரபிஸ்ட் கணக்காகச் சொல்லிவிட்டார். சமதரையில் ஓட்டலாம். மாடிப்படி ஏறலாம், ஆனால் பதினைந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கிக்கொண்டு ஏறக் கூடாது.

"மலை?" என்று மதினி கேட்டார்.

"முழங்காலுக்கு முழுப் பாரமும் குடுக்காம ஏற முடிஞ்சா ஏறுங்க."

"அதெப்படி முடியும்?"

"அதுதான் சொல்றேன்" என்றார் அவர்.

அன்றைக்கு ராத்திரியே எனக்கு விடை கிடைத்துவிட்டது. மோட்டார் வைத்த ரோடு சைக்கிள். மறுநாள் காலை படியேறிப் போய்ச் சொன்னேன். மதினி தோசைக் கரண்டியோடு திரும்பினார்.

"மோட்டார் வச்சுக் குமுளி ஏறணும்னா பஸ்ஸு இருக்குல்ல ஆத்தா? சன்னலோரம் உக்காந்து கடலை தின்னுக்கிட்டே போயிருவேன்."

"இது மொபெட் இல்ல மதினி. நீங்க மிதிச்சாத்தான் மோட்டார் சுத்தும். நிறுத்துனா நின்னுரும். நீங்க பாதி, அது பாதி."

"அப்பப் பாதி மேட்டத்தான ஏறுவேன்?"

"முழு மேட்டையும் பாதிக் காலோட ஏறுவீக."

தோசை தீய்ந்தது. மதினி அதைத் திருப்பிப் போட்டார். பிறகு தெளிவாக ஒன்று சொன்னார். "ஆடி முடியுறதுக்குள்ள தோதா ஒண்ணு சிக்கட்டும், பாப்போம். சிக்கலைன்னா பழைய சைக்கிளையும் குடுத்துருவோம். சொவத்துல சாஞ்சு நிக்கிறதத் தெனமும் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது."

அதனால்தான் அத்தனை பக்கங்கள் திறந்து கிடந்தன. மதினி குமுளி மேட்டை மறுபடி மிதித்து ஏற வேண்டும். இல்லையென்றால் சைக்கிளையே விட்டுவிடுவார். விட்டால் ஞாயிற்றுக்கிழமை எனக்கு வெறும் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும்.

தேட ஆரம்பித்த பிறகுதான் இந்த உலகம் எத்தனை பெரிது என்று தெரிந்தது. மின்சார சைக்கிள் என்று கடைக்காரர்கள் காட்டுவதில் பெரும்பாலானவை இருபத்தைந்து கிலோ. கேஸ் சிலிண்டருக்கு ஹேண்டில் வைத்த மாதிரி. சட்டப்படி மோட்டார் இருபத்தைந்து கிலோமீட்டர் வேகம் வரைதான் உதவி செய்யும். அதைத் தாண்டினால் தானாக அடங்கிவிடும். எங்கள் குழு சமதரையில் இருபத்தெட்டு, முப்பதில் போகும். அந்த வேகத்தில் அடங்கிப்போன மோட்டாரும் பேட்டரியும் சும்மா சவாரி வரும். அதையும் சேர்த்து நாமே இழுக்க வேண்டும். ஆக, எடை குறைவு என்பது எங்களுக்கு அலங்காரம் இல்லை. மோட்டார் தூங்குகிற நேரத்திலும் அது சைக்கிளாக இருக்க வேண்டும்.

மதினிக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இலேசான வண்டிகளில் பேட்டரியை ஃபிரேமுக்குள்ளேயே அடைத்துவிடுகிறார்கள், தனியாகக் கழற்ற முடியாது. சார்ஜ் போடுவதென்றால் முழு சைக்கிளும் மாடிக்குப் போயாக வேண்டும். கீழே வைக்கலாமே என்பீர்கள். கீழே அம்மாவின் மூன்று ஆடுகள் இருக்கின்றன. என் ஹேண்டிலில் சுற்றியிருந்த பட்டையை ஒரு மத்தியானத்தில் தின்று முடித்த ஆடுகள். சார்ஜர் வயரை அவற்றின் பார்வையில் படும்படி விட யாருக்கும் தைரியமில்லை. அண்ணன் தூக்கித் தரலாம், ஆனால் அவன் கருக்கலில் மண்டிக்குப் போனால் மத்தியானம்தான் வருவான். அதைவிட, "என் சைக்கிள நாந்தான் தூக்கணும்" என்று மதினி சொன்ன பிறகு அதற்கு மேல் பேச்சே இல்லை.

பதினைந்து கிலோ. அதுதான் கோடு.

விளம்பரத்தில் போட்டிருக்கிற எடையை நம்ப முடியாது. பெடலைக் கழற்றி வைத்துவிட்டு நிறுப்பார்கள். இருப்பதிலேயே சின்ன அளவு ஃபிரேமை நிறுப்பார்கள். "நாமளே நிறுத்தாத்தான் உண்டு" என்றேன். மதினிக்கு அது பிடித்தது. பரிசோதனைக் கூடத்து ஆள் இல்லையா, காதால் கேட்டதைவிட ரீடிங்கைத்தான் நம்புவார். வீட்டில் யாருக்காவது மேல் சுடுகிறது என்றால்கூட, "சுடுதுன்னா என்ன? எம்புட்டுன்னு சொல்லு" என்று தெர்மாமீட்டரோடு வந்து நிற்பார்.

கடைசியில் இரண்டு வண்டிகள் தேறின. ஒன்று மதுரைக் கடையில் இருந்தது. அலுமினிய ஃபிரேம், பெடல் இருக்கும் இடத்திலேயே மோட்டார், பெரிய பேட்டரி. இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக்கூடக் கொடுக்கலாம் என்றார்கள். இன்னொன்று குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கிற ஒரு மலையாளியிடம் இருந்தது. கார்பன் ஃபிரேம், பின்சக்கரத்துக்குள் சின்ன மோட்டார், சின்ன பேட்டரி. ஒரு வருஷம் ஓட்டியது. முதுகுவலி வந்து விற்கிறார். சந்தைக்கு இறங்கும்போது ஜீப்பில் போட்டுக் கொண்டுவந்து தருவதாகப் போனில் சொன்னார். மதுரை வண்டி வந்து சேரவும் இவர் சந்தைக்கு இறங்கவும் தோதுப்பட்ட நாள் சனிக்கிழமை.

அம்மா குறுக்கே வந்தாள்.

"சனிக்கிழமை இரும்ப வீட்டுக்குள்ள கொண்டாரக் கூடாது. அதுவும் ஆடிச் சனி. குச்சனூரு எங்கன இருக்கு? அந்தா இருக்கு. கோயில்லருந்து சனி பகவான் பாத்துக்கிட்டே இருப்பாரு."

"இரும்பே இல்லம்மா. ஒண்ணு அலுமினியம். இன்னொண்ணு கார்பன்."

அம்மா யோசித்தாள். "சங்கிலி?"

மதினி கட்டிலில் விழுந்து சிரித்தார். "ஒரு மாசமா இந்தப் புள்ள படிக்கிறதெல்லாம் வேஸ்ட்டு. அத்தை கேட்டாக பாருங்க, ஒரே கேள்வி!"

"வீட்டுக்குள்ளதான வரக் கூடாது?" என்றான் அண்ணன். "மண்டிக்கு வரட்டும். அங்கன தராசும் இருக்கு, ரெண்டையும் நிறுத்தாப் போச்சு."

எல்லாப் பிரச்சினையும் ஒரே அடியில் தீர்ந்த மாதிரி இருந்தது.

மண்டியில் சனிக்கிழமை காய் வரத்து ஜாஸ்தி. மேலே இரும்புக் கம்பியில் தொங்குகிற கொக்கித் தராசு, அதோடு ஒரு பெட்டி. எண் ஓடுகிற பக்கம் அண்ணனைப் பார்த்து இருக்கும். வாழைத்தாரை மாட்டுவார்கள், அண்ணன் எண்ணைக் கத்துவான், கணக்குப்பிள்ளை எழுதுவார், தார் இறங்கும். பன்னிரண்டு வருஷமாக அவன் வாய் செய்கிற வேலை இது.

மதுரை வண்டியை சீட்டுக்குக் கீழே கயிறு போட்டு மாட்டினார்கள். சைக்கிள் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"பதினாலு!" என்று அண்ணன் கத்தினான். கணக்குப்பிள்ளை பழக்கதோஷத்தில் எழுதியே விட்டார்.

"புள்ளிக்கு அப்புறம் எம்புட்டு?" என்று மதினி கேட்டார்.

"வாழைக்காய்க்குப் புள்ளியெல்லாம் கெடையாது."

"ஏங்க, இது வாழைக்காயா?"

"கொக்கியில தொங்குனா எனக்கு எல்லாம் காய்தான். அடுத்தத மாட்டுப்பா!"

ஏலத்தோட்டக்காரர் தன் வண்டியைத் தானே தூக்கி மாட்டினார், குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி. "சேச்சி, வண்டி நல்லதாணு. எனக்கு முதுகு சரியில்ல, அதான். இல்லைன்னா இத நான் கொடுக்கில்லா" என்று மதினியிடம் இரண்டாவது முறையாகச் சொன்னார்.

"பதினொண்ணு!"

பதினாலும் பதினொன்றும். இரண்டுமே கோட்டுக்குள். எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தான். "ரெண்டும் பதினஞ்சுக்குள்ள வருதுன்னா, பெறகு எதுக்குச் சின்ன பேட்டரி? போக நாப்பது, வர நாப்பது. பாதி வழியில படுத்துருச்சுன்னா?" நானும் ஆமாம் போட்டேன். ஒரு மாதம் படித்த படிப்பில் பேட்டரியின் அளவு மனதில் நன்றாகப் பதிந்திருந்தது. மதினி கார்பன் வண்டியின் ஃபிரேமை ஒரு தடவை தட்டிப் பார்த்தார், பிறகு எங்கள் பேச்சுக்கே தலையாட்டிவிட்டார். ஏலத்தோட்டக்காரர் வண்டியை மண்டியிலேயே விட்டுவிட்டு, வியாழக்கிழமை வந்து முடிவு கேட்பதாகச் சொல்லிப் போனார். இரண்டு சைக்கிள்களும் அன்றிரவு நாட்டுப்பழத் தார்களுக்கு நடுவில் தூங்கின. சனி பகவானுக்கும் புகார் இருக்க வாய்ப்பில்லை.

ஞாயிறு காலை மதுரை வண்டியில் மதினியும் என் வண்டியில் நானும் உத்தமபாளையம் தாண்டி கம்பம் எல்லை வரை போய் வந்தோம். ஆடிக் காற்று முகத்தில் அறைந்தது. குமுளிப் பக்கம் மலை இடைவெளியில் புகுந்து பள்ளத்தாக்கு முழுக்க வாரிக்கொண்டு வருகிற காற்று. நான் பதினெட்டில் திணறினேன், மதினி மோட்டார் துணையோடு பக்கத்தில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார். திரும்பும்போது தலைகீழ். காற்று முதுகில் கைவைத்துத் தள்ள, நான் முப்பத்தைந்தில் பறந்தேன். திரும்பிப் பார்த்தால் மதினி தூரத்தில் ஒரு புள்ளி.

"இழுக்குதுடி" என்றார் வந்து சேர்ந்ததும். "மோட்டாரு நின்னதும் யாரோ கேரியல்ல உக்காந்த மாதிரி இருக்கு."

"ஆறு மாசம் கழிச்சு ஓட்டுறீக, அப்படித்தான் இருக்கும்" என்றேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வீட்டு வாசலில் சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு மதினி படியேறினார். மொத்தம் பதினேழு படி. நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது படியில் நின்றார். கைப்பிடிச் சுவரைப் பிடித்தார். ஒரு காலை எடுத்து வைத்தார், இன்னொன்று வரவில்லை. ஓடிப்போய்ச் சைக்கிளை நான் வாங்கிக்கொண்டேன்.

மத்தியானத்துக்குள் முழங்கால் வீங்கிவிட்டது. ஐஸ் பையை வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்த மதினி, அழவில்லை, கோபப்படவில்லை. ரிப்போர்ட் வாசிக்கிற குரலில் சொன்னார்.

"பதினஞ்சு வரைக்கும் தூக்கலாம்னு சொன்னாக. வண்டி பதினாலு. பதினாலையே தூக்க முடியலைன்னா கோளாறு வண்டியில இல்ல."

"ஒரு நாள்ல..."

"நாளைக்கு ரெண்டையும் திருப்பி அனுப்பிரு. பழையத மருந்துக்கடை அண்ணன் மகளுக்குக் கேட்டாகல்ல? எடுத்துக்கச் சொல்லு."

மருந்துக்கடைக்காரர் எங்கள் குழுவில் மூத்தவர். மகளுக்காகக் கேட்டது உண்மைதான், அதுவும் விபத்துக்கு ரொம்ப முந்தி. நான் "சரி" என்று சொல்லிவிட்டுக் கீழே வந்தேன். இருபத்திச்சொச்சம் பக்கங்களையும் அன்றைக்கு நானே மூடினேன். மீட்டிங் எதுவும் இல்லை.

திங்கள் காலை மதுரை வண்டியை அட்டைப் பெட்டியில் கட்டி அனுப்புவதற்காக மண்டிக்கு உருட்டிக்கொண்டு போனேன். அண்ணன் எண் கத்துவதில் மும்முரமாக இருந்தான். ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து முதல் தடவையாகக் காய் கொண்டுவந்திருந்த ஒரு விவசாயி ஓரமாக நின்றார்.

"பதினாறு!" என்றான் அண்ணன்.

அந்த மனிதர் சுற்றிக்கொண்டு வந்து பெட்டியை எட்டிப் பார்த்தார். "ஏங்க, பதினெட்டுன்னு காட்டுது. நீங்க பதினாறுங்கிறீக?"

"தண்டு ரெண்டு போகும்ணே."

"ரெண்டா? எங்க ஊருல ஒண்ணுதான் கழிப்பாக."

"இங்கன தாருக்கு ரெண்டு. வந்த எல்லாத்துக்கும் ரெண்டுதான். எங்கப்பா காலத்துலருந்து அதுதான். யாரு காய்னு பாத்தெல்லாம் கழிக்கிறதில்ல."

நான் சணல் கயிறைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். தாருக்கு இரண்டு கிலோ தண்டுக் கழிவு. அது எனக்குப் பள்ளிக்கூடம் போகிற நாளிலிருந்து தெரிந்த விஷயம். அப்பா இருந்தபோது இதே இடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன். தெரிந்திருந்து என்ன! சனிக்கிழமை ஒரு தடவைகூட அந்தப் பெட்டியை நான் எட்டிப் பார்க்கவில்லையே.

"அண்ணே, இத மாட்டு."

"ஏ கழுத, அத அனுப்பப் போறம்ல?"

"மாட்டுண்ணே!"

மாட்டினார்கள். நான் அவன் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன். எண் துடித்துத் துடித்து ஒரு இடத்தில் நின்றது. பதினாறு புள்ளி ஒன்று.

அண்ணன் அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "பதினாலுன்னா நான் சொன்னேன்?"

"ஆமா. தண்டு கழிச்சுச் சொன்ன."

"சைக்கிளுக்கு ஏது தண்டு?"

"அதைத்தான் நானும் கேக்கேன்!"

கார்பன் வண்டியையும் மாட்டினோம். பதின்மூன்று புள்ளி இரண்டு. ஆண்டிபட்டிக்காரர் விஷயத்தை அரைகுறையாகப் புரிந்துகொண்டு, "சைக்கிளுக்குமா கழிக்கிறீக?" என்று நிஜமாகவே அதிர்ச்சியாகிவிட்டார். அவரைச் சமாதானப்படுத்துவதற்கு டீ சொல்ல வேண்டியிருந்தது.

மதினிக்குப் போன் போட்டேன். ஒரே மூச்சில் சொன்னேன்.

"மதினி?"

"ஒருத்தர் கையில ஊசியக் குத்திட்டு நிக்கேன். இரு." எதையோ எடுத்து வைக்கிற சத்தம். யாரிடமோ "மடக்கிப் புடிங்க" என்றார். பிறகு, "பதினாறா? நல்லாப் பாத்தியா?"

"புள்ளி ஒண்ணு."

"அப்ப, எங்காலு..." அந்த வாக்கியம் முடியவில்லை. மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அடுத்த நொடி குரல் வேறு. "அந்தாளுகிட்டக் குடு போன!"

கொடுத்தேன். மண்டிக்கே கேட்டது. "ஏங்க, என் சைக்கிளுக்குமா தண்டு கழிச்சீக? நாளைக்கு என்னையத் தூக்கிக் கொக்கியில மாட்டுனா எனக்கும் ரெண்டு கழிப்பீகளா?"

"உனக்குக் கழிச்சா நல்லதுதான..." என்றான் அண்ணன்.

அந்த ஒரு பதிலுக்காக அவன் இரண்டு நாள் கீழே அம்மாவிடம் சாப்பிட்டான்.

புதன் சாயங்காலம் வீக்கம் வடிந்துவிட்டது. கார்பன் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தோம். மதினி அதைத் தோளில் மாட்டினார். அண்ணன் அவருக்கு மூன்று படி கீழே, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கிரிக்கெட்டில் கேட்ச் பிடிக்கிறவன் மாதிரி ஏறினான். அம்மா ஆடுகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்பதாவது படி. மதினி நிற்கவில்லை. பதினேழாவது படியில் சைக்கிளை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிக் கீழே பார்த்தார். "மோர் இருக்கா அத்தை?" என்றார். அவ்வளவுதான்.

பாக்கி இருந்தது பேட்டரி. சின்ன பேட்டரி குமுளி போய் வரத் தாங்குமா? அண்ணன் இன்னமும் முணுமுணுத்துக்கொண்டிருந்தான், ஆனால் எடை விஷயத்துக்குப் பிறகு அவன் பேச்சுக்கு வீட்டில் மவுசு குறைந்திருந்தது. நான் ஞாயிற்றுக்கிழமைச் சவாரியை மனதில் ஓட்டிப் பார்த்தேன். போகும்போது எதிர்காற்று, கடைசியில் ஏற்றம். வரும்போது இறக்கம், அப்புறம் வீடு வரை காற்றே தள்ளும். இருபத்தைந்தைத் தாண்டினால் மோட்டார் எப்படியும் வேலை செய்யாது. விளம்பரத்தில் போட்டிருக்கிற தூரமெல்லாம் எந்த ஊர் ரோட்டுக்கோ எழுதியது. எங்கள் பள்ளத்தாக்குக்குப் பேட்டரி ஒரு பக்கத்துக்குப் போதும்.

"போறப்ப மோட்டாரு, வாரப்பக் காத்து" என்றார் மதினி. "அப்படின்னா பெரிய பேட்டரிய வாங்கி, வாரப்ப அதைச் சும்மா சொமந்துக்கிட்டு வரணுமாக்கும்."

வியாழக்கிழமை ஏலத்தோட்டக்காரர் வந்து, பணத்தை வாங்கிக்கொண்டு, வண்டியைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆடியின் கடைசி ஞாயிறு குமுளி. ஐந்து பேரும் புறப்பட்டோம். மருந்துக்கடைக்காரர் ஆரம்பத்திலேயே சீண்டினார். "தங்கச்சி, மோட்டார்ல ஏறுனா அந்த மேடு கணக்குல சேராது, ஆமா."

"சேக்காதீக. நீங்க டாக்டர் எழுதுன மாத்திரைய ஒழுங்கா எடுத்துக் குடுங்க, அது போதும்."

கூடலூர் வரை மதினி என் பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தார். எதிர்காற்றை நான் வாங்கிக்கொண்டேன். மோட்டார் ஆகக் குறைவான அளவில். பேட்டரியை மலைக்கு மிச்சம் பிடிக்க வேண்டும் என்று நாங்கள் பேசி வைத்திருந்த திட்டம். திராட்சைத் தோட்டங்கள் தாண்டி லோயர் கேம்ப் வந்ததும் சாரல் பிடித்தது. மலையிலிருந்து மின்நிலையத்துக்கு இறங்குகிற ராட்சசக் குழாய்கள் ஈரத்தில் பளபளத்தன. மற்ற மூன்று பேரும் முன்னால் போய்விட்டார்கள். மதினி மோட்டாரை ஒரு அளவு ஏற்றிவிட்டு என் பக்கத்தில் வந்தார்.

முதல் வளைவில் ரகசியமாக அவர் முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சீராகச் சுற்றியது. எனக்கோ மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. இந்த மேட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசினதே கிடையாது. பேச மூச்சு இருந்ததில்லை. அன்றைக்குத்தான் ஒருத்திக்கு மட்டும் இருந்தது.

"ஆமா, கேக்கணும்னு நெனச்சேன்" என்று மதினி சாவகாசமாக ஆரம்பித்தார். "அத்தை குழம்புக்கு எதுக்கு அம்புட்டுப் புளி கரைக்கிறாக?"

"ம்" என்றேன்.

"சொன்னாக் கோவிச்சுக்கிறாக. போன வாரம் பாரு..."

போன வாரம் இரண்டு வளைவு வரை வந்தது. அடுத்து அண்ணனின் ஈரத்துண்டு. கட்டில் மேல் போடுகிற துண்டு, கதவில் போடுகிற துண்டு, எங்கே போட்டான் என்றே தெரியாத துண்டு. அதற்குப் பிறகு என் முறை. மீட்டிங்கில் நான் கத்துகிற கத்து மாடிக்குக் கேட்கிறதாம். அவர் துவைத்துக் காயப்போட்ட என் ஜெர்ஸியை எடுத்துக்கொண்டு, க்ளிப்பைக் கீழே போட்டுவிட்டுப் போகிறேனாம். மறுப்பதற்கு என்னிடம் நல்ல பதில்கள் இருந்தன. காற்றுதான் இல்லை. வாயைத் திறந்தால் "ஹா" என்றுதான் வந்தது. கேரளா போகிற பஸ் ஒன்று எங்களைத் தாண்டியது; ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா கடலை தின்றுகொண்டே எங்களைப் பார்த்தார்.

ஒரு செங்குத்தான வளைவில் மதினி திடீரென்று பேச்சை நிறுத்தினார். நான் சட்டென்று அவர் முழங்காலைப் பார்த்தேன்.

"என்... ன... மதினி? கா... லா?"

"இல்ல. கியரு மாத்துனேன்." இரண்டு சுற்று மிதித்தார். "எங்கன விட்டேன்? ஆங், க்ளிப்பு."

மேலே எல்லைச் சோதனைச் சாவடிக்கு முன்னால் இருக்கிற டீக்கடையில் மற்றவர்கள் டம்ளரும் கையுமாக நின்றார்கள். மதினி இறங்கி, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, குனிந்து இடது முழங்காலைக் கட்டைவிரலால் நான்கு பக்கமும் அழுத்திப் பார்த்தார், நரம்பு தேடுகிற மாதிரி. நானும் பார்த்தேன். மருந்துக்கடைக்காரரும் டம்ளரை வாயருகே நிறுத்தி வைத்துக்கொண்டு பார்த்தார். வீக்கம் இல்லை. ஹேண்டிலில் பேட்டரி அளவைக் காட்டுகிற விளக்கில் ஐந்துக்கு இரண்டு கட்டம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"இது கணக்குல சேருது தங்கச்சி" என்றார் அவர்.

"யாரு கேட்டா?" என்றார் மதினி. ஆனால் சிரிப்பு காது வரை போயிருந்தது.

நான் பெஞ்சில் மடங்கி உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி தண்ணீர் குடித்து, ஒருவழியாக மூச்சை மீட்டுக்கொண்டேன். "மதினி, அந்தப் புளி விஷயம்... அம்மா என்ன சொல்றாகன்னா..."

"அது மூணாவது வளைவுலயே முடிஞ்சு போச்சு ஆத்தா" என்று மதினி என் கையில் டம்ளரைத் திணித்தார். "ஆறுறதுக்குள்ள குடி."